விடியலை அறிவித்த விழிப்புலனற்ற ஸஹாபி

பாங்கு என்றதும் நம் எல்லோருக்கும் நினைவில் வருபவர் பிலால் (ரலி) அவர்கள். ஆனால் மதீனாவில், நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு அவரோடு இன்னொருவரும் இருந்தார். அவருக்குக் கண் பார்வை இல்லை. அவர்தான் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). விசேட தேவையுடையோருக்குத் தொழில் வேண்டும், தலைமையில் இடம் வேண்டும், பொது வாழ்வில் பங்கு வேண்டும் என்று இன்று பலரும் பேசும்போது எனக்கு இவருடைய வாழ்க்கையே நினைவுக்கு வருகிறது.

இவர் மக்காவின் குறைஷிக் குலத்தவர். தந்தை கைஸ், தாய் ஆதிகா. தாய் உம்மு மக்தூம் என்று அழைக்கப்பட்டதால் மகனும் அப்பெயராலேயே அறியப்பட்டார். இவர் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தாய்மாமன் மகன். இஸ்லாத்தை ஆரம்ப காலத்திலேயே ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர்.

மக்காவில் ஒரு நாள், நபியவர்கள் குறைஷித் தலைவர்கள் சிலருக்கு மார்க்கத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைவர்கள் வந்தால் அவர்கள் பின்னால் பலரும் வருவார்கள் என்ற ஆவல். அந்நேரம் இவர் வந்து தமக்குக் கற்றுத் தருமாறு கேட்டார். நபியவர்கள் முகம் சுளித்துத் தலைவர்கள் பக்கம் திரும்பினார்கள். அந்த முகக் குறிப்பை இவர் காணவில்லை, எவரிடமும் முறையிடவுமில்லை. ஆனால் அல்லாஹ் அதனைச் சுட்டிக்காட்டி வஹீ இறக்கினான். அல்குர்ஆனின் 80ஆவது ஸூராவான அபஸ இந்த நிகழ்வோடுதான் தொடங்குகிறது. அதன் பின் நபியவர்கள் இவரை மிகவும் கண்ணியப்படுத்தினார்கள்.

அந்தக் கண்ணியம் எப்படிப்பட்டது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நபியவர்கள் இவரிடம் பொறுப்புகளை ஒப்படைத்தார்கள்.

முதற்பொறுப்பு ஆசிரியப் பணி. நபியவர்களின் ஹிஜ்ரத்துக்கு முன்பே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களும் இவரும் மதீனா சென்று அங்குள்ள மக்களுக்குக் குர்ஆனைக் கற்றுக் கொடுத்தார்கள்.

அடுத்தது முஅத்தின் பணி. ரமழான் இரவுகளில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு கேட்டாலும் மக்கள் உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்டால் ஸஹரை நிறுத்திவிட வேண்டும். நபியவர்கள் செய்த ஏற்பாடு இது. சற்று யோசித்துப் பாருங்கள். கீழ்வானத்தில் வெளிச்சம் பரவுவதைக் கண்டு சொல்ல வேண்டிய வேலை, வானத்தையே பார்க்க முடியாத ஒருவரிடம் இருந்தது! ஓர் ஊர் முழுவதின் நோன்பும் அவர் குரலை நம்பித் தொடங்கியது.

அவருக்கு விடியல் எப்படித் தெரியும்? விடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அதன் பிறகே அவர் பாங்கு சொல்வார். ஹதீஸ்களில் வரும் இந்தச் சிறு விவரத்தில்தான் எல்லாம் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். பார்வை இல்லை என்பதற்காக அந்தப் பணி அவருக்கு மறுக்கப்படவில்லை. குறைவாக இருந்த ஒரேயொரு தகவலை மற்றவர்கள் கொடுத்தார்கள். மிகுதி வேலையை அவரே செய்தார்.

மூன்றாவது தலைமைப் பொறுப்பு. நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற பல சந்தர்ப்பங்களில் இவரைத் தமது பிரதிநிதியாக நியமித்தார்கள். மக்களுக்குத் தொழுகை நடத்தியவரும் இவரே. உஹத் யுத்தத்தின்போதும் அவ்வாறே நியமிக்கப்பட்டார். இவ்வாறு 13 தடவை நிகழ்ந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இயலாமை உடையோருக்குப் போரில் விதிவிலக்கு உண்டு என்பது ஸூரா அந்நிஸாவின் 95ஆவது வசனத்தில் வருகிறது. இவர் தம் நிலையை எடுத்துச் சொன்ன வேளையிலேயே அந்த விதிவிலக்கு இறங்கியது. ஆனாலும் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த காதிஸிய்யாப் போருக்கு இவர் கவசம் அணிந்து, கொடி ஏந்திச் சென்றார். அங்கேயே ஷஹீதானார் என்று சிலரும், மதீனா திரும்பிய பின் வபாத்தானார் என்று வேறு சிலரும் கூறுவர். விதிவிலக்கு அவருக்கு உரிமையாக இருந்தது. அது அவரை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரச தொழில்களில் 3 வீதத்தை விசேட தேவையுடையோருக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988இல் பொது நிருவாகச் சுற்றறிக்கை வந்தது. தொழிலுக்கு எடுப்பதிலும் கல்வி நிலையங்களில் சேர்ப்பதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. வாக்களிக்கச் செல்லும்போது உதவியாளர் ஒருவரை அழைத்துச் செல்ல 2011ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும், செங்குத்தான மாடிப்படிகளிலும், உயரமான பஸ் மிதிபலகைகளிலும் சக்கர நாற்காலிக்கு இன்னும் வழியில்லை. ஜும்ஆ நாட்களில் பள்ளிவாசல் வாயிலில் பார்வையற்றவர்கள் கை நீட்டி நிற்பதைக் காண்கிறோம். ஸதகா கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம். ஸதகா நல்ல அமல்தான். ஆனால் மதீனாவில் பார்வையற்றவர் பள்ளிவாசலின் வாயிலில் நிற்கவில்லை. அவர்தான் ஊரையே தொழுகைக்கு அழைத்தார்.

குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். காலிலோ கண்ணிலோ குறையுள்ள மகளை, ஊரார் என்ன சொல்வார்களோ, வெளியில் என்ன நேருமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. அது அன்பினால் வருவதுதான். ஆனால் உம்மாவும் வாப்பாவும் என்றென்றும் உடனிருக்க முடியாதே! அவள் கற்கட்டும், தையலோ, கணினியோ, ஆசிரியப் பணியோ, தனக்கு இயன்ற தொழிலைச் செய்யட்டும், மாணவர் தலைவியாகவும் நிற்கட்டும்.

சக மாணவியரான நமக்கும் கடமை உண்டு. கரும்பலகையில் உள்ளதைத் தோழிக்கு வாசித்துக் காட்டலாம். மேல்மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தருமாறு ஆசிரியையிடம் கேட்கலாம். மன்றக் கூட்டத்தில் அவளுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். விடிந்துவிட்டது என்று சொல்வதற்கு அன்று மதீனாவில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாங்கின் நன்மையில் அவர்களுக்கும் பங்கு இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்களில் நம்மையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக!