சாய்ந்த நாற்று நிமிரும்: ஜெகதீஷ் சந்திர போஸ் காட்டிய வழி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வீட்டுத் தேவைக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விடுபவரா நீங்கள்? உப்புக் காற்றுக்கும் ஆடு, கோழிக்கும் பயந்து நாற்றுத் தட்டைக் கூரைக்கு அடியில் வைத்திருப்பீர்கள். பத்து நாளில் நாற்று நெடுநெடுவென வளர்ந்து, தண்டு வெளுத்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதைப் பிடுங்கி எறியும் முன், செடிகளின் அசைவை அளப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசப் பகுதியில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஃபரித்பூரில் அரசு அதிகாரி. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய அக்காலத்தில், அவர் மகனை வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போஸின் ஒரு பக்கம் தந்தையிடம் வேலை பார்த்த முஸ்லிம் ஊழியரின் மகன். மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆசையைத் தனக்குள் விதைத்ததாகப் போஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய அவர், 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆங்கிலேயரைவிடக் குறைந்த சம்பளமே இந்தியருக்குத் தரப்பட்டது. போஸ் அதை வாங்க மறுத்து, மூன்று ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் பாடம் நடத்தினார். தந்தைக்குக் கடன் இருந்த நேரம் அது. கடைசியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு கிடைத்தது, கடனும் அடைந்தது.

முதலில் கம்பியில்லா மின்காந்த அலைகளை ஆராய்ந்தவர், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செடிகளின் பக்கம் திரும்பினார். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். செடியைத் தேய்த்தாலோ குத்தினாலோ வளர்ச்சி மந்தமாகி, சற்று நேரம் கழித்து மீள்வதை அந்தக் கருவி பதிவுசெய்தது.

அவர் ஆராய்ந்தவற்றில் நமக்கு மிகவும் பொருந்துவது ஃபரித்பூரில் இருந்த ஓர் ஈச்ச மரம். புயலில் சாய்ந்ததாகக் கருதப்பட்ட மரம் அது. மாலையில் கோயில் மணி ஒலிக்கும்போது அது தலைவணங்கும், காலையில் எழும் என்று மக்கள் அதைக் கும்பிட்டார்கள். அந்நியக் கருவி பட்டால் மரத்தின் சக்தி போய்விடும் என்று உரிமையாளர் தயங்கினார். கருவி இந்தியாவிலேயே செய்தது, அதைப் பொருத்துபவர்களில் ஒருவர் பூசாரியின் மகன் என்று சொன்ன பிறகே சம்மதித்தார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்வதும், குளிரக் குளிர எழுவதும் பதிவில் தெரிந்தது. பிறகு மரம் பட்டுப்போனது, அசைவும் நின்றது. சாய்ந்த மரத்தை எழுப்பியது வெளியே இருந்த கை அல்ல, அதற்குள் இருந்த உயிர்தான்.

உங்கள் நாற்றுக்கும் இதே கணக்குதான். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வந்தால், நிழல் பக்கத்துத் திசுக்கள் வேகமாக நீண்டு தண்டு வளையும். வெளிச்சத்தை உணர்வது நாற்றின் நுனி என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகனும் 1880-லேயே காட்டிவிட்டார்கள். எனவே தண்டைக் கையால் இழுத்து நிமிர்த்தாதீர்கள், இளந்தண்டு ஒடிந்துவிடும். வெளிச்சத்தைச் சரிசெய்தால் நுனி தானே நிமிரும்.

தட்டை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். தினமும் நேரத்தைக் கூட்டி, ஒரு வாரத்தில் திறந்த வெளிக்குப் பழக்குங்கள். கடல் காற்று வரும் பக்கம் பனை ஓலைத் தட்டி கட்டுங்கள். ஆடு, கோழிக்குப் பழைய வலையைச் சுற்றிவிட்டால் போதும், கூரை தேவையில்லை. வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் வரும் இடமென்றால் தட்டைத் தினமும் திருப்பி வையுங்கள்.

இலை காய்ந்திருக்கும் நேரத்தில், நாற்றின் தலைகளை உள்ளங்கையால் மெதுவாகச் சில முறை தடவிவிடுங்கள். தொடுதல் நீளும் வேகத்தைக் குறைக்கும், தண்டு தடிக்கும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே நல்ல தண்ணீர் தெளியுங்கள். உப்புக் கிணற்று நீர் நாற்றைக் கருக்கும்; அதிக ஈரம் நாற்றழுகலைக் கொண்டுவரும்.

நீண்டுபோன தண்டு மீண்டும் குட்டையாகாது. புதிதாக வளரும் பகுதிதான் நேராக வரும். தக்காளியென்றால் நீண்ட தண்டை விதையிலை வரை மண்ணில் புதைத்து நடலாம். புதைத்த இடமெல்லாம் வேர் விடும். படுக்கவைத்து நட்டாலும் நுனி ஓரிரு நாளில் மேலே திரும்பிவிடும். கத்தரி, மிளகாயைச் சற்று ஆழமாக மட்டும் நட்டு, தென்னை ஈர்க்கு ஒன்றைத் துணைக்கு ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு அடியில் கறுத்துச் சுருங்கிய நாற்று தேறாது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

போஸ் 1917-ல் கொல்கத்தாவில் தன் பெயரிலான ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ல், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிடியில் காலமானார். மீனவர் மகனிடம் கதை கேட்டு வளர்ந்தவரின் ஆய்வு, இன்று குப்பத்து வீட்டு வாசலில் இருக்கும் நாற்றுத் தட்டுக்கும் உதவுகிறது. நாளைக் காலை உங்கள் தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.