நகையோடு கணக்குப் புகட்டிய பாஸ்கராசாரியர்

கணக்கு என்றதும் உள்ளம் நடுங்கும் மாணவர் எக்காலத்தும் உளர். பிரம்பைக் காட்டி அந்நடுக்கத்தைப் போக்க முயன்ற ஆசிரியரும் உளர். பாட்டையும் சிரிப்பையும் துணைக்கொண்டவர் பாஸ்கராசாரியர்.

கி.பி. 1114ஆம் ஆண்டிற் பிறந்த இவர், சஹ்ய மலைப் பக்கத்தவர். சோதிட நூல் வல்லவரான தந்தையார் மகேசுவரரே இவருக்கு ஆசிரியருமாயினார். 36ஆம் வயதில், 1150இல், சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை இயற்றினார். அதன் முதற் பகுதியே லீலாவதி. லீலாவதி அவர்தம் மகள் என்பது செவிவழிக் கதை; 1587இல் இந்நூலைப் பாரசீக மொழியிற் பெயர்த்த பைசி அக்கதையை எழுதிவைத்தார்.

ஏடு அரிதாயிருந்த அக்காலத்தில், பாட்டாயிருந்தாலன்றிக் கணக்கு நெஞ்சில் தங்காது. ஆகவே விதிகளையும் வினாக்களையும் சுலோகங்களாக யாத்தார். மான்விழியாளே என்றும் நண்பனே என்றும் அழைத்து, வண்டும் அன்னமும் மயிலும் பாம்பும் வரும் வினாக்களைத் தொடுத்தார்.

அவற்றுள் ஓர் உலோபியின் கொடையைக் கேளுங்கள். இரந்து நின்றவனுக்கு அவன் ஈந்தது ஒரு திரம்ம நாணயத்தில் அரைப்பங்கு, அன்று, அதில் மூன்றில் இரண்டு, அதிலும் முக்கால், அதில் ஐந்திலொன்று, அதில் வீசம், அதிலும் காற்பங்கு! அப்படியாயின் எத்தனை சோழி? ஒரு திரம்மத்துக்கு 16 பணம், பணத்துக்கு 4 காகிணி, காகிணிக்கு 20 சோழி. ஆக 1,280 சோழி. பெருக்கியும் வகுத்தும் களைத்த மாணவன் ஈற்றிற் காண்பது ஒரேயொரு சோழி. அவன் சிரித்து முடிக்கு முன்னரே பின்னப் பெருக்கம் அவன் வசமாகிவிடும்.

பீஜகணிதப் பகுதியிலோ குரங்குகள் வருகின்றன. கூட்டத்தின் எட்டிலொரு பங்கை அதே எண்ணாற் பெருக்கிய தொகையினர் சோலையில் ஆடுகின்றனர்; மிகுந்த 12 குரங்குகள் குன்றிலிருந்து கூச்சலிடுகின்றன. கூட்டம் எத்தனை? 16 என்றாலும் சரி, 48 என்றாலும் சரி. ஒரு வினாவுக்கு இரு விடை உண்டென்னும் அரிய உண்மையைக் குரங்குகளே கற்பித்துவிடுகின்றன!

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அவர் நகைத்தது உலோபியை. விடை தவறிய மாணவனையன்று. தவறினவனை எள்ளி வகுப்பைச் சிரிக்கவைப்பது நகைச்சுவையாகாது. அன்றோடு அவன் வினாவுதலை விட்டுவிடுவான்.

69ஆம் வயதிலும், 1183இல், கரணகுதூகலம் என்னும் நூலை யாத்தார். அவர் நூல்களைப் பயிற்றுவதற்கென்றே பேரர் சங்கதேவர் நிறுவிய மடத்துக்கு 1207இல் மானியம் வழங்கியதைக் கல்வெட்டுக் கூறுகின்றது.

தமிழிலும் கணக்கதிகாரம் செய்யுளாகவே கணக்கைத் தந்தது. நம்மூர்ப் பெரியோரும் நொடி போட்டுச் சிறுவரின் அறிவைத் தீட்டினர். ஆதலின் இளைஞர்களே, தம்பி தங்கையருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் அவர்களைச் சிரிக்க வையுங்கள். அச்சம் அகன்ற நெஞ்சில் எண் தானே குடிபுகும்.