டைப்ரைட்டர் முத்தையா: உங்க கீபோர்டு லேஅவுட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்

லினக்ஸில் தமிழ் டைப் பண்ணணும்னு கீபோர்டு செட்டிங்ஸைத் திறந்தவங்களுக்கு ஒரு குழப்பம் கண்டிப்பா வந்திருக்கும். இங்கிலீஷுக்கு நம்ம எல்லாரும் பயன்படுத்துறது ஒரே லேஅவுட். தமிழுக்கு மட்டும் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், ஃபொனெடிக் என்று ஒரு வரிசையே நிற்கும். எதை எடுக்கிறது? ஏன் இத்தனை? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால் போனால், நூறு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரிடம் போய் நிற்போம். அவர் பெயர் ஆர். முத்தையா. தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்று போட்டித் தேர்வு கைடுகளில் ஒரு வரியில் வருவார். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற இன்ஜினியரிங் நம்ம சிலபஸில் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர்

முத்தையா 1886 பிப்ரவரி 24 அன்று யாழ்ப்பாணத்தில் சுண்டிக்குளி என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெயர் இராமலிங்கம். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் நிறையப் பேர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிளார்க் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. முத்தையாவும் 1907-இல் மலாயா போனார். அப்புறம் சிங்கப்பூர். கொஞ்ச நாள் ரயில்வே, பிறகு ஒரு வணிக நிறுவனத்தில் தலைமை கிளார்க்காக நீண்ட காலம் வேலை பார்த்தார்.

இதைக் கவனிங்க. அவர் இன்ஜினியர் இல்லை. தினமும் டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு அலுவலக ஊழியர். இங்கிலீஷ் கடிதம் நிமிஷத்தில் அடித்து வெளியே வரும். தமிழில் ஒரு கடிதம் வேணும்னா பேனாவை எடுக்கணும். ஒரு மொழிக்கு மெஷின் இல்லை என்றால், அலுவலகத்துக்குள் அந்த மொழிக்கு இடமே இல்லை என்று அர்த்தம். இந்த நிலையை மாற்றத்தான் அவர் தமிழ் டைப்ரைட்டர் செய்யக் கிளம்பினார்.

247-ஐ எப்படி அடக்குவது?

அமெரிக்காவில் ஷோல்ஸ் உருவாக்கி 1874-இல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷினிலிருந்து வந்ததுதான் இப்போதும் நம்ம விரலுக்குக் கீழே இருக்கிற க்வெர்ட்டி. இங்கிலீஷுக்கு 26 எழுத்து. நாற்பத்துச் சொச்சம் விசைகள், ஷிஃப்ட் போட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு குறி. மொத்தம் நூறு இடம்கூடக் கிடையாது. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நேராக வைத்தால் மெஷின் ஹார்மோனியப் பெட்டி அளவுக்குப் போய்விடும்.

தமிழ் எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். கா, சா, தா எல்லாவற்றிலும் ஒரே கால். கெ, செ, தெ எல்லாவற்றிலும் ஒரே கொம்பு. இவற்றைத் தனி விசையாக வைத்தால் ஒரே அடியில் பல பத்து எழுத்து மிச்சம். காகிதத்தில் எந்த வரிசையில் தெரியுதோ அதே வரிசையில் அடிக்கலாம். "பொ" வேணுமா? முதலில் கொம்பு, அடுத்து ப, கடைசியில் கால்.

ஆனா புள்ளியும், இகர ஈகார வளைவுகளும் அப்படிப் பக்கத்தில் போய் நிற்காது. க் என்பதில் புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் உட்காரணும். கி என்பதில் வளைவு எழுத்தோடு ஒட்டணும். டைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் காகிதம் சுற்றியிருக்கிற கேரேஜ் ஒரு அடி நகர்ந்துவிடும். புள்ளியும் எழுத்தும் ஒரே இடத்தில் எப்படி விழும்?

இதற்குப் பதில் நகரா விசை. இந்த விசையைத் தட்டினால் குறி காகிதத்தில் பதியும், ஆனா கேரேஜ் நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால் அது அதே இடத்தில் விழும், அப்புறம்தான் கேரேஜ் நகரும். ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலையில் வரும் சின்னக் குறிகளுக்கு இதே உத்தி உண்டு. முத்தையா அதைத் தமிழுக்கு வேலை செய்ய வைத்தார். அதனால்தான் தமிழ் டைப்பிஸ்ட் புள்ளியை முதலில் அடித்து, எழுத்தை அடுத்து அடிக்கிறார். நாம் எழுதும் வரிசைக்குத் தலைகீழ். பழகியவருக்கு அது தெரியவே தெரியாது.

அதைவிடப் பெரிய தலைவலி உகரமும் ஊகாரமும். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். எந்தப் பொது விதியிலும் எல்லாம் அடங்காது. போதாததற்கு அந்தக் காலத்து எழுத்தில் ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளுக்குத் தனி வடிவம் இருந்தது. தமிழ்நாடு அரசு அவற்றைச் சீர்திருத்தியது 1978-இல்தான். எந்த எழுத்துக்குத் தனி விசை, எதைத் துண்டுகளாகச் சேர்ப்பது என்று இவர் ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது நாம் மெமரி பட்ஜெட் போடுவது மாதிரி, அவர் விசை பட்ஜெட் போட்டார்.

மெஷினைத் தயாரித்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்ட் நௌமன் கம்பெனி. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர்களிடமிருந்து "பிஜோ" என்ற பெயரில் கையில் தூக்கிப் போகக்கூடிய சின்னத் தமிழ் டைப்ரைட்டர் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் சிங்கப்பூரில் யோசித்தது, ஜெர்மனியில் இரும்பாகி, தமிழர் இருந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

அவர் விட்டுப்போனது

பின்னால் வந்தவர்கள் அந்த லேஅவுட்டில் மாற்றங்கள் செய்தார்கள். அடிப்படை அவருடையதுதான். நம்ம பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போன அக்கா அண்ணன் யாரையாவது கேளுங்க, ய ள ன க என்று விரல் தானாகவே மேஜையில் தட்டும். இங்கிலீஷில் ஏ, எஸ், டி, எஃப் இருக்கும் இடம்தான் அது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் இளநிலை, முதுநிலை பாஸ் பண்ணினால் குரூப் 4-இல் டைப்பிஸ்ட் வேலைக்கு வழி. கல்லாவி, ஊத்தங்கரை பக்கத்து எத்தனையோ வீடுகளுக்கு இது சோறு போடும் விஷயம். லேஅவுட்டை மாற்றினால் அந்தக் கைப்பழக்கம் முழுசும் வீணாகும்.

கம்ப்யூட்டர் வந்ததும் கேரேஜே இல்லாமல் போனது. நகரா விசைக்குக் காரணமும் போனது. யூனிகோடில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும், உள்ளே எழுத்து முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கப்படும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழ்99 லேஅவுட் வந்தது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். முத்தையா இரும்பில் செய்ததை இது சாஃப்ட்வேரில் செய்கிறது: குறைந்த தட்டலில் முழு எழுத்து. பழைய டைப்பிஸ்ட்டுக்கு டைப்ரைட்டர் லேஅவுட், புதுசா கற்றுக்கொள்பவருக்குத் தமிழ்99. பட்டியல் நீளமாக இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இப்போ உங்க மெஷினில்

பழைய லேப்டாப்பில் சுபுண்டு மாதிரி எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருந்தால், செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் லேஅவுட் டேப் போங்க. சிஸ்டம் டீஃபால்ட்டை ஆஃப் பண்ணினால்தான் ஆட் பட்டன் வேலை செய்யும். இந்தியன் என்பதற்குக் கீழே தமிழ்நெட் 99 இருக்கும். அங்கேயே லேஅவுட் மாற்ற ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் என்று ஷார்ட்கட் தேர்ந்தெடுங்க. பேனலில் கீபோர்டு லேஅவுட்ஸ் என்ற ஐட்டத்தைச் சேர்த்தால் இப்போ எந்த மொழி ஓடுதுன்னு கண்ணில் தெரியும். இந்த முறையில் ஒரே நேரத்தில் நான்கு லேஅவுட் வரைக்கும் வைக்கலாம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ். ஓசூர் பக்கத்து ஹாஸ்டல் ரூமுக்குச் சரியான கணக்கு!

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைங்க. இந்த வழியில் ஒரு விசை என்ன எழுத்தைத் தரும் என்பது முன்கூட்டியே முடிவானது. முன்னால் வந்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் புத்தி அதற்குக் கிடையாது. தமிழ்99-இன் முழு வசதி வேணும்னா ஐபஸ், அதோடு ஐபஸ் எம்17என் பேக்கேஜ் போட்டு, லாக் அவுட் பண்ணித் திரும்ப வாங்க. ஐபஸ் ப்ரிஃபரன்சஸில் தமிழுக்குக் கீழே தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் மூன்றும் கிடைக்கும்.

என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஃபொனெடிக்தான் ஈசி. ஆனா அதில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனசுக்குள் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்காக மாற்றித்தான் அடிக்கிறோம். ல, ள, ழ வரும்போது எது சின்ன எழுத்து, எது கேபிடல் என்று விரல் தடுமாறும். தமிழுக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் போகணும் என்ற நிலை வேண்டாம் என்றுதான் ஒரு கிளார்க் அத்தனை வருஷம் உழைத்தார். தமிழ்99-க்கு ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் கொடுத்துப் பாருங்க. முதல் இரண்டு நாள் எரிச்சலா இருக்கும். அப்புறம் க-வைத் தேட வேண்டியிருக்காது, விரலே போகும்.