நாலாம் கிளாஸ் படித்த கலைவாணர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுது என்றார்கள். விஞ்ஞானிகளை எல்லாம் சீனியர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். சரி, நாம ஒரு சிரிப்பு நடிகரை எழுதுவோம் என்று முடிவு பண்ணிவிட்டேன். சினிமாக்காரரைப் போய் பாலிடெக்னிக் மலரில் போடுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. வருஷம் பூரா லேத்தையும் டிராயிங் ஷீட்டையும் பார்த்த கண்ணுக்கு ரெண்டு பக்கம் ஓய்வு கொடுங்கள்.

அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்! 1957-லேயே காலமாகிவிட்டார். நம்மில் பலருடைய தாத்தாவே அப்போது அரைஞாண் கயிறோடு திரிந்த பையன்.

1908 நவம்பர் 29-ந் தேதி நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். அன்றைக்கு நாகர்கோவில் தமிழ்நாட்டில் சேர்ந்தது இல்லை, திருவிதாங்கூர் ராஜ்யம். அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். நாலாம் கிளாசோடு படிப்பு நின்றுவிட்டது. பையன் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்கப் போனான். எந்த இடத்தில் ஜனங்கள் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனைவிட தட்டு சுமந்த பையனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பக்கம் வில்லுப்பாட்டு பிரசித்தம். அதுவும் அவருக்குக் கைவந்தது. பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனி என்பது ஏழைப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலோடு சேர்ந்த ஐ.டி.ஐ. மாதிரி. சோறும் கிடைக்கும், தொழிலும் கிடைக்கும். நாடகத்தில் இருந்தபடியே சினிமாவுக்கு வந்தார். 1935-ல் மேனகா, 1936-ல் சதிலீலாவதி.

இந்த சதிலீலாவதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படம் இதுதான், அதுவும் சின்ன வேஷம். கதை, ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் எழுதியது. டைரக்டர் யார் தெரியுமா? எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்காக்காரர். ஓஹியோவில் பிறந்து, ஹாலிவுட் இருக்கிற லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா படித்துவிட்டு வந்தவர். தமிழ் தெரியாது. தெரியாமலேயே 1950 வரை இங்கே படம் எடுத்தார்! எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த மீரா கூட இவர் டைரக்ட் பண்ணியதுதான்.

சதிலீலாவதியில் கதாநாயகன் குடித்துக் கெட்டு, நண்பனைக் கொன்றுவிட்டோம் என்று பயந்து, இலங்கைக்கு ஓடிப்போய் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகக் கஷ்டப்படுகிறான். இதைப் படித்தபோது எனக்கு ஹாலிவுட் படம் ஒன்று ஞாபகம் வந்தது. 1940-ல் வந்த ரோடு டு சிங்கப்பூர். பழைய காமெடிப் படம், போனில்தான் பார்த்தேன். பிங் கிராஸ்பியும் பாப் ஹோப்பும் கல்யாணமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று ஒரு தென்னந்தீவுக்கு ஓடிப்போகிறார்கள். அங்கே டோரதி லாமூர். ஒரே பாட்டு, கூத்து, குஷி. சிரிப்பு வருகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர்களுக்குத் தீவு என்றால் லீவு விட்ட மாதிரி. நமக்குத் தீவு என்றால் அப்படி இல்லீங்க. கங்காணி பேச்சை நம்பி கிராமம் கிராமமாகக் கப்பலேறிப் போய், மலையில் காடு வெட்டி தேயிலை வளர்த்த இடம். ஹாலிவுட்டில் படித்து வந்தவரே இங்கே எடுத்த படத்தில் தீவு அப்படித்தான் வர முடிந்தது.

இந்த அழுகைக் கதைக்கு நடுவில் சிரிப்பு வைத்தவர் கிருஷ்ணன். தனக்கான காமெடிப் பகுதியைத் தானே எழுதிக்கொண்டார். தமிழ் சினிமாவில் காமெடி டிராக் என்று தனியாக ஒன்று ஆரம்பித்தது அவரால்தான். நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால் ஒரு பார்ட்டைத் தனியாகச் செய்து, மெயின் பாடியில் கச்சிதமாக அசெம்பிள் பண்ணுவது போல. பாட்டு, வசனம், கூட நடிக்கிற குழு எல்லாம் அவர் பொறுப்பு. அதே 1936-ல் வசந்தசேனா படத்துக்காகப் புனாவுக்குப் போனபோது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். அங்கேயே கல்யாணமும் ஆனது. அதற்குப் பிறகு கிருஷ்ணன் மதுரம் ஜோடி இல்லாத படம் ஓடுமா என்று கேட்கிற நிலைமை. அம்பிகாபதி, ஆர்யமாலா, கண்ணகி, ஹரிதாஸ் என்று வரிசையாக வந்தன.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. சினிமாக்காரர்களைப் பற்றி மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் என்பவரை 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் செத்துப்போனார். கேசில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் தீர்ப்பு. ஆயுள் தண்டனை, அதாவது அன்றைய சட்ட வார்த்தையில் தீவாந்திர சிட்சை. கடல் கடந்த தீவுக்கு அனுப்புவது என்று அர்த்தம். படத்தில் கதாநாயகனுக்கு இலங்கை வந்தது போல, நிஜத்தில் இவருக்கு அந்தமான் பேர் வந்தது. ஆனால் அந்தமானை 1942-லேயே ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்தான். அனுப்பத் தீவு இல்லை! இங்கேயே ஜெயில்.

கேசு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரிக்கச் சொல்லி அங்கிருந்து உத்தரவு வந்து, 1947 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. சம்பாதித்ததில் பெரும்பகுதி வக்கீலுக்கே போனது. இங்கே மதுரம் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். புருஷன் ஜெயிலில் இருக்க, அழுதுகொண்டு உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். அவர்கள் போட்ட பைத்தியக்காரன் நாடகம் 1947-ல் படமாகவும் வந்தது. வெளியே வந்த கிருஷ்ணன் அதில் நடித்தார். வாசனும் தன் சந்திரலேகாவில் இந்த ஜோடிக்காகவே புதிதாகக் காட்சிகளைச் சேர்த்தார். பாகவதருக்குப் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. அதே ஜெயிலில் இருந்து வந்த சிரிப்புக்காரரை ஜனங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஏன் என்று யோசித்திருக்கிறேன். பாகவதரை ஜனங்கள் ராஜா மாதிரி பார்த்தார்கள், இவரைப் பக்கத்து வீட்டு ஆளாகப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கஷ்டம் வருவது சகஜம்தானே. கலைவாணர் பட்டமும் 1947-ல்தான் கிடைத்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1949-ல் நல்லதம்பி என்று சொந்தப் படம் எடுத்தார். அண்ணா எழுதி வெளிவந்த முதல் படம். மூலம் என்ன என்று பார்த்தால் அதுவும் ஹாலிவுட் காமெடிதான். மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன், 1936. எதிர்பாராமல் பெரிய சொத்து வந்து விழுந்த ஒரு வெகுளி, அதை ஊருக்கே கொடுக்க நினைக்கிற கதை. தமிழில் அது ஜமீன் சொத்து ஆனது, மதுவிலக்கு சேர்ந்தது. கூடவே கிந்தனார் கதாகாலட்சேபமும்!

கிந்தனார் யார்? நந்தனார் சரித்திரம் நமக்குத் தெரியும். சேரியில் பிறந்தவர், சிதம்பரம் போக ஆசைப்பட்டார். கலைவாணர் அதே காலட்சேப நடையில், ஒரு ஏழைச் சேரிப் பையன் பட்டணம் போய்ப் படிக்க ஆசைப்பட்ட கதையைச் சொன்னார். உடுமலை நாராயணகவி இதற்குப் பக்கபலம். கிந்தன் ரயில் ஏறுகிறான். ரயிலில் எல்லா சாதியும் ஒரே பலகையில் நெருக்கி உட்கார வேண்டியிருக்கிறது. நீராவி இன்ஜின் பண்ணின சீர்திருத்தம்! ரயில் ஓடுகிற சத்தத்தை வாயாலேயே கொண்டுவருவார் பாருங்கள், அதை எழுத்தில் காட்ட என்னால் ஆகாது. கிந்தன் படித்து உத்தியோகஸ்தனாகிறான்.

முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். ரெண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பா செங்கல் சூளையில் வேலை. டிப்ளமோ சேர்ந்தபோது எங்க தெருவிலேயே, படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போறான் என்று அம்மாவிடம் கேட்டார்கள். (கலெக்டர் ஆபீஸ் என்னவோ நம்ம வேங்கிக்காலில்தான் இருக்கிறது!) அம்மா பதில் சொல்லவில்லை, வட்டிக்கு வாங்கி பீஸ் கட்டினாங்க. நாலாம் கிளாஸ் படித்த ஒருத்தர் எண்பது வருஷத்துக்கு முன்னால் கொட்டகை கொட்டகையாகப் போய் இந்தப் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லியிருந்தால் அந்தத் தெருக்காரர்களும் உட்கார்ந்து கேட்டிருப்பார்களா? எனக்கு சந்தேகம்தான்.

1951-ல் சோவியத் ரஷ்யா போய்வந்தார். அதே வருஷம் மணமகள் படத்தை டைரக்ட் பண்ணினார், பத்மினி கதாநாயகி. 1952-ல் பணம். இரண்டுக்கும் கலைஞர் வசனம். பணம் படத்தில்தான் விஸ்வநாதன் ராமமூர்த்தி ஜோடியாக இசையமைப்பாளர் ஆனார்கள். பேர்தான் பணம், கையில் பணம் நிற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். காந்தி இறந்தபோது நாகர்கோவிலில் தன் செலவில் நினைவுத் தூண் கட்டினார். உடம்பும் கெட்டது. 1957 ஆகஸ்ட் 30-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 48.

சென்னை தி.நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்துவைத்தார். அடுத்த மாதமே அண்ணாவும் காலமானார். வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. கொரோனா வந்த 2020-ல் கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாமல் தமிழ்நாடு சட்டமன்றமே அங்கேதான் கூடியது. டிவியில் செய்தி வாசிக்கும்போது அவர் பேரைத் தினமும் சொன்னார்கள். அப்போது எனக்கு அவர் யாரென்றே தெரியாது.