பூட்டுத் தொழிலாளியின் மகனும் கியர்பாக்ஸ் வெப்பமும்

மின்தடையின் அலகு ஓம் என்று ஆசிரியர் முதன்முதலாகச் சொன்ன நாளில், வகுப்பில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக் கைகூப்பிக் காட்டியிருப்பார். தமிழ் மாணவர்கள் உள்ள வகுப்பென்றால் இது தப்பாது. அந்த ஓமுக்கும் மந்திரத்துக்கும் தொடர்பில்லை. அது கியோர்க் சைமன் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரின் குடும்பப் பெயர்.

1789 மார்ச் 16ஆம் நாள் எர்லாங்கன் நகரில் அவர் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் கணிதத்தைத் தாமே கற்று, மகன்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தவர். கியோர்க்குக்குப் பத்து வயதானபோது தாய் இறந்துவிட்டார். 1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பையன் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தான். தந்தைக்குக் கோபம் வந்தது. மூன்று தவணைகளோடு படிப்பு நின்றது. சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்குக் கணிதம் கற்பிக்க அனுப்பப்பட்டார். 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பிறகு பல ஆண்டுகள் சம்பளம் குறைந்த வேலைகள்தாம்.

1817இல் கொலோன் நகர உயர்நிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பாட நேரம் போக மற்ற நேரமெல்லாம் கம்பிகளோடும் காந்த ஊசியோடும் கழிந்தது. கம்பி நீளமானால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்? இதுதான் அவருடைய கேள்வி. 1825இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் மடக்கைச் சூத்திரம் ஒன்றைக் கொடுத்தார். அது சரிவரவில்லை. அன்றைய மின்கலங்களின் அழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே மாறிவிடும், அதுதான் சிக்கல். ஆய்விதழின் ஆசிரியர் போகென்டார்ஃப் வேறு வழி சொன்னார். இரு உலோகங்கள் சேரும் இடங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்று சீபெக் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அழுத்தம் ஆடாமல் நின்றது. ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார்.

கிடைத்த விடை எளிமையானது. மேலே மூலத்தின் வலிமை. கீழே இரண்டு தடைகளின் கூட்டல். ஒன்று, சுற்றில் மாறாமல் இருக்கும் பகுதியின் தடை. மற்றது, சோதிக்கும் கம்பியின் தடை. மேலுள்ளதைக் கீழுள்ளதால் வகுத்தால் மின்னோட்டம். நாம் ஐந்தாம் படிவத்தில் மனனம் செய்யும் சுருக்க வடிவத்தைவிட எனக்கு இதுவே பிடிக்கும். காரணம், இன்றைய காருக்குள் இருப்பதும் இதே அமைப்புத்தான்.

ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தை அறிய ஒரு சிறு சென்சார் உண்டு. சூடு ஏறினால் அதன் தடை இறங்கும். காரின் கணினி பொதுவாக 5 வோல்ட்டை, தனக்குள்ளேயே இருக்கும் ஒரு நிலையான தடையின் வழியே அந்தச் சென்சாருக்கு அனுப்பும். நிலையான தடை ஒன்று, மாறும் தடை ஒன்று. சென்சார் கம்பியில் உள்ள வோல்ட்டைப் பார்த்துக் கணினி வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

கம்பி அறுந்தால் என்ன ஆகும்? மின்னோட்டம் ஓடாது. நிலையான தடையில் அழுத்தம் சிறிதும் குறையாது. முழு 5 வோல்ட்டையும் கண்ட கணினி, சென்சாரின் தடை மிகப் பெரிது, எனவே எண்ணெய் கடுங்குளிர் என்று முடிவுகட்டும். கோலாலம்பூர் வெயிலில் நிற்கும் காருக்கு ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டுவது இப்படித்தான். கம்பி தரையோடு ஒட்டிக்கொண்டால் நேர் எதிர்: வோல்ட் பூஜ்யத்தை நெருங்கும், எண்ணெய் கொதிப்பதாகத் தெரியும். இணைப்பில் துரு பிடித்தால் இன்னும் மோசம். கூடுதல் தடையால் சூடான எண்ணெய் சற்றுக் குளிர்ந்ததாகத் தெரியும். அளவு நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

சோதிப்பதும் ஓமின் வழியில்தான். வயரிங் படத்தைப் பார்த்துச் சென்சாரின் இரு கம்பிகளையும் அடையாளம் காண வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போட்டால் ஸ்கேனர் கடுங்குளிர் காட்ட வேண்டும். கணினிப் பக்கமுள்ள அந்த இரு கம்பிகளை மட்டும் இணைத்தால் கடும் சூடு காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் கம்பியும் கணினியும் நலம். பிறகு சென்சாரின் தடையை மல்டிமீட்டரில் அளந்து, கார் நிறுவனத்தின் கையேட்டு அட்டவணையோடு ஒப்பிடலாம். நடக்காவிட்டால் கோளாறு கம்பியில் அல்லது கணினியில். புதுச் சென்சார் வாங்கியும் பயனில்லை. கியர் சரியாக மாறவில்லை என்றதும் கியர்பாக்ஸையே மாற்றத் துணிவதற்கு முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடலாம். கியர்பாக்ஸ் என்பது பல ஆயிரம் ரிங்கிட் சமாச்சாரம்.

இத்தனைக்கும் அடிப்படையான நூலை ஓம் 1827இல் வெளியிட்டார். அதற்காகவே பள்ளியில் பாதிச் சம்பளத்தில் விடுப்பு எடுத்து பெர்லினுக்குப் போயிருந்தார். நூல் வந்தால் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்தது அலட்சியம். மின்சாரத்தைக் கணிதமாக எழுதுவதே அங்கிருந்த பலருக்குப் பிடிக்கவில்லை. 1828இல் மனமுடைந்து கொலோன் வேலையையும் விட்டார். அப்போது வயது 39. நிலையான வருமானம் இல்லாமல் பெர்லினில் பகுதிநேரமாகக் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். 1833இல்தான் நூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் பணி அமைந்தது.

1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் அளித்தது. சொந்த நாட்டில் அவர் ஆசைப்பட்ட பேராசிரியர் நாற்காலி மியூனிக் பல்கலைக்கழகத்தில் கிடைத்தபோது ஆண்டு 1852, வயது 63. இரண்டே ஆண்டுகள் அதில் அமர்ந்தார். 1854 ஜூலை 6ஆம் நாள் காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.