காணாத இயந்திரத்தைப் பிரித்துப் போட்டவர்

ஒரு பொருளைக் கழற்றிப் பார்த்து அதன் சூத்திரத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. பொருளையே காணாமல், அது வெளியே தள்ளும் எழுத்துகளை மட்டும் வைத்து உள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்வது வேறு. மரியன் ரெயெவ்ஸ்கி செய்தது இரண்டாவது.

1905 ஓகஸ்டில் அவர் பிறந்தபோது, இன்று போலந்தில் உள்ள பிட்கோஷ் நகரம் ஜேர்மன் ஆட்சியில் இருந்தது. அதனால் ஜேர்மன் மொழியும் அவருக்குக் கைவந்தது. 1929இல் பொஸ்னானில் இராணுவம் இரகசியமாக நடத்திய சங்கேத வகுப்புக்கு, ஜேர்மன் தெரிந்த கணித மாணவர் என்றே அழைக்கப்பட்டார்.

எனிக்மா முதலில் சந்தையில் விற்கப்பட்ட இயந்திரம்தான். ஜேர்மன் இராணுவம் அதன் சுழல் சக்கரங்களின் உள் வயர் இணைப்பை மாற்றி, 1930இல் முன்புறம் ஒரு பிளக் பலகையையும் சேர்த்தது. அந்த உள் இணைப்பை வெளியார் அறியமாட்டார்கள் என்பது பெரிய பாதுகாப்பாகக் கருதப்பட்டது.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. தவறு நேரக்கூடாது என்று, ஒவ்வொரு செய்திக்குமான மூன்றெழுத்துத் திறவுகோலை அனுப்புபவர் இரண்டு முறை தட்டினார். ஆகவே சங்கேதத்தின் முதலாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒரே எழுத்திலிருந்து வந்தவை. ஒரே நாளில் பிடிபட்ட பல செய்திகளை அடுக்கி, ரெயெவ்ஸ்கி இதை வரிசைமாற்றச் சமன்பாடுகளாக்கினார். ஜேர்மன் சங்கேத அலுவலகத்தில் இருந்த ஹான்ஸ் திலோ ஷ்மிட் பிரெஞ்சு உளவுக்கு விற்ற, இரண்டு மாதத் திறவுகோல் பட்டியல்களும் 1932 டிசெம்பரில் கைக்கு வந்தன.

அப்போதும் கணக்கு ஒத்துவரவில்லை. விசைகளிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிகளின் ஒழுங்கு தெரியவில்லை. சந்தை மாதிரியில் அது தட்டச்சுப் பலகையின் ஒழுங்கு. நேரே அகரவரிசையாக இருந்தால் என்ன என்று ரெயெவ்ஸ்கி போட்டுப் பார்த்தார், விடை கொட்டியது. இவ்வளவு பூட்டுப் போட்டவர்கள் அங்கே இத்தனை எளிமையை விட்டிருப்பார்கள் என்று யார் நினைப்பார்? பிரித்தானிய நிபுணர் டில்லி நொக்ஸ் தடுக்கி நின்றதும் இதிலேதான்.

1938 டிசெம்பரில் ஜேர்மனியர் மேலும் இரு சக்கரங்களைச் சேர்த்தனர். அவற்றின் இணைப்பையும் போலந்து கண்டறிந்தது. ஆனால் தினசரி வேலை பத்து மடங்காகியது. 1939 ஜூலையில், வார்சோவுக்கு வெளியே பிரி காட்டில், பிரித்தானியரையும் பிரெஞ்சுக்காரரையும் அழைத்து எல்லாவற்றையும் காட்டினார்கள். ஐந்து வாரத்தில் போர்.

மனைவி இரேனாவையும் மகனையும் அந்த ஆண்டு பிறந்த மகளையும் விட்டுவிட்டு, ருமேனியா வழியாகப் பிரான்சுக்குப் போனார். சகா ருஸிட்ஸ்கி 1942இல் மத்தியதரைக் கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். 1943 ஜனவரியில் பிரெனீஸ் மலையைக் கடந்தபோது வழிகாட்டியே துப்பாக்கியை நீட்டிக் காசைப் பறித்தான்; பிறகு ஸ்பெயின் சிறை. ஒருவழியாக பிரித்தானியா சேர்ந்தால், எனிக்மா வேலையில் அவருக்கு இடமில்லை. சிறிய கை சங்கேதங்கள்தான் கொடுக்கப்பட்டன.

1946 நவம்பரில் வீடு திரும்பினார். ஏழு வருடங்கள். அடுத்த ஆண்டே 11 வயது மகன் போலியோவில் இறந்தான். மேற்கில் போரிட்ட படையில் இருந்தவர் என்ற சந்தேகத்தில் 1949 முதல் 1958 வரை பாதுகாப்புப் பொலிசார் அவரைத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். 1932இல் என்ன செய்தார் என்பது அவர்களுக்கு அகப்படவேயில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. பிட்கோஷில் சாதாரண அலுவலக வேலைகள் பார்த்து 1967இல் ஓய்வுபெற்றார். 1973இல் பிரான்சில் வந்த ஒரு நூலுக்குப் பிறகுதான் உலகம் விசாரிக்கத் தொடங்கியது.

1980 பெப்ரவரி 13இல் இறந்தார். வார்சோவின் இராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.