தளர்ந்த உள்ளங்களின் தோழர் புனித பிரான்சிஸ் சலேசியார்

நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு குரல் உண்டு. நான் எதற்கும் உதவாதவன், என் பாவத்திற்கு மன்னிப்பே கிடையாது, ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று அது அல்லும் பகலும் முணுமுணுக்கும். பிறர் நம்மைத் தூற்றினால் எதிர்த்து நிற்கிறோம். நம்மை நாமே தூற்றும்போதோ மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறோம். புனிதர்களுக்கு இத்தகைய சோதனை ஏது என்று எண்ணுவோர், புனித பிரான்சிஸ் சலேசியாரின் வாழ்வைச் சற்றே நோக்குவார்களாக.

இவர் 1567ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், சவோய் நாட்டுத் தோரன்ஸ் கோட்டையில் பிரபுக் குடும்பத்தின் தலைமகனாய்ப் பிறந்தார். மகன் சட்டம் பயின்று உயர்பதவி வகிக்க வேண்டும் என்பது தந்தையின் கனவு. எனவே பாரிசு மாநகரில் சேசு சபையார் நடத்திய கிளேர்மோன் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். கல்வியில் மட்டுமன்றிக் குதிரையேற்றம், வாட்பயிற்சி ஆகியவற்றிலும் தேர்ந்தார். பக்தியிலும் குறைவில்லை.

அக்காலத்தில், மீட்புப் பெறுவோர் யார், அழிவுறுவோர் யார் என்பதை இறைவன் முன்கூட்டியே குறித்துவிட்டாரா என்னும் வாதம் எங்கும் சூடுபிடித்திருந்தது. 1586ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாதம் பத்தொன்பது வயது பிரான்சிசின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அழிவுறுவோர் கூட்டத்தில் நீயும் ஒருவன் என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. படித்த நூல்களைக் கொண்டு வாதாடினார், குரல் அடங்கவில்லை. செபித்தார், நெஞ்சம் வறண்டு கிடந்தது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஊணும் உறக்கமும் இன்றி உடல் மெலிந்தார். அன்பே உருவான இறைவனை என்றென்றும் இழந்துவிடுவோமோ என்பதே அவரை வாட்டிய வேதனை.

ஒருநாள் தூய எத்தியேன் தெகிரே ஆலயத்தினுள் நுழைந்து, தேவதாயின் சுரூபத்தின்முன் முழந்தாட்படியிட்டார். புனித பெர்நார்துவின் பெயரால் வழங்கும் மரியன்னை செபத்தைச் சொன்னார். பின்னர் ஒரு முடிவு செய்தார். மறுமையில் என் கதி எதுவாயினும் ஆகுக, இம்மையில் உயிருள்ளவரை ஆண்டவரை நேசிப்பேன் என்பதே அம்முடிவு. அக்கணமே நெஞ்சை அழுத்திய பாரம் கழன்று விழுந்தது, உடலும் தேறியது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தாம் நல்லவர் என்று அவர் தமக்குத் தாமே சான்று கூறிக்கொள்ளவில்லை. தம்மைப் பற்றிய கணக்கையே விட்டுவிட்டு, இறைவனின் அன்பில் தம்மை ஒப்படைத்தார். தன்னையே பார்த்துப் பார்த்துச் சோர்ந்த கண், ஆண்டவரை நோக்கித் திரும்பியதும் ஒளி பெற்றது.

1591இல் பதுவா நகரில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் தந்தை காட்டிய பதவிகளைத் துறந்து, 1593 டிசம்பர் 18ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஷாப்லே நாட்டில் மறைபரப்பச் சென்றார். குளிரும் பகையும் வாட்டின. கேட்க வந்தவரோ மிகச் சிலர். தம்மால் ஆகாது என்று அவர் திரும்பவில்லை. மறையுண்மைகளைத் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளின் கீழே நுழைத்தார். சில ஆண்டுகளில் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் திருச்சபைக்குத் திரும்பினர்.

1602இல் ஜெனீவா ஆயரானார். ஆயினும் அன்னசி நகரிலிருந்தே மறைமாவட்டத்தை நடத்த வேண்டியிருந்தது. 1610இல் புனித ஷாந்தால் அம்மையாருடன் விசிட்டேஷன் சபையை நிறுவினார். தளர்ந்த உள்ளங்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் எண்ணிறந்தவை. 1609இல் வெளிவந்த பக்தி வாழ்வுக்கு அறிமுகம் என்னும் அவரது நூல், இல்லறத்தாரும் புனிதராகலாம் என்று காட்டியது. பிறரிடம் சாந்தமாயிருப்பதுபோல் நம்மிடமும் சாந்தமாயிருக்க வேண்டும் என்பது அதிலுள்ள அரிய போதனை. தவறி விழுந்தவன் தன்மேல் சினந்து கொதித்தால், அச்சினமே அகந்தையின் மறுவடிவம் என்று அறிவுறுத்தினார். குற்றத்திற்காக மனம் வருந்துவதும் மனம் உடைவதும் வேறு வேறு. முன்னது நம்மைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அழைத்துச் செல்லும். பின்னது வீட்டு மூலையில் முடக்கிவிடும். விழுந்தால் அமைதியாய் எழுந்து மீண்டும் நடக்கச் சொன்னார். அந்த ஆறு வார இருளைத் தாமே கடந்து வந்தவரல்லவா? அதனால்தான் அவர் சொல்லில் அத்தனை இதம்.

1622 டிசம்பர் 28ஆம் நாள் லியோன் நகரில் இறைவனடி சேர்ந்தார். 1665இல் புனிதராகவும், 1877இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டார். இவர் பெயரைத் தாங்கியே புனித தொன் போஸ்கோ தம் சபையைச் சலேசிய சபை என அழைத்தார். அச்சபையார் 1906இல் தஞ்சைக்கு வந்து நம் நாட்டில் பணி தொடங்கினர்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த ஜூபிலி நாளில் நம்மிடையே புன்னகைக்குப் பின்னே தம்மைத் தாமே பழித்து வாடுவோர் எத்தனை பேரோ! அவர்களிடம் அன்பாய் ஒரு வார்த்தை பேசுவோம். நமக்குள்ளும் அக்குரல் எழும்போது அதனோடு வழக்காடி ஓய வேண்டாம். நம் ஆலயத்துக்கு வந்து, அன்னையின் பீடத்தருகே முழந்தாட்படியிடுவோம். இன்று ஒருநாள் ஆண்டவரை நேசிக்க முடியும் என்று மட்டும் முடிவு செய்வோம். நாளைய நாள் அவருடையது.

புனித பிரான்சிஸ் சலேசியாரே, எங்களுக்காக மன்றாடும்!